கரையில் என்ன கிடந்தது?

"எனக்கு எழுத ஒண்ணுமே இல்ல மிஸ்."

சொன்னவன் என் சாயங்கால வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்புப் பையன். அவன் நோட்டில் தலைப்பும் அடிக்கோடும் மட்டும் இருந்தன. தலைப்பு, 'நான் சென்ற சுற்றுலா'. அடிக்கோட்டை ஸ்கேல் வைத்து இரண்டு முறை போட்டிருந்தான். வேறு வேலை இல்லையே.

அவன் பக்கம் நியாயம் இருந்தது. சுற்றுலா என்று அவன் எங்கேயும் போனதில்லை. சித்தி வீட்டுக்குத் தொண்டி வரை போனதோடு சரி. எங்கள் ஊர், ராமேசுவரத்துக்குப் போகும் வழியில் மண்டபம் என்ற ஊரை ஒட்டி, வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடா ஓரம். காசியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ராமேசுவரத்துக்கு வருகிறவர்கள் பஸ் பஸ்ஸாக இந்த வழியாகத்தான் போகிறார்கள். இப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளையிடம் போய், நீ போன சுற்றுலாவைப் பற்றி எழுதி வா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"சரி, ஊட்டிக்குப் போனதா நினைச்சுக்கிட்டு எழுது" என்றேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

எழுதினான். 'ஊட்டி மலைகளின் அரசி ஆகும். அங்கு இயற்கை எழில் கொஞ்சுகிறது. நாங்கள் மகிழ்ச்சியாகச் சென்று மகிழ்ச்சியாக வந்தோம்.' மூன்று வரி. மறுபடி ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டான்.

வகுப்பு முடிந்து நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அதே பையன் நாலு பேரை நிறுத்திக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். முந்தின ராத்திரி அவன் மாமாவுடைய வல்லம் என்ற நாட்டுப்படகின் நங்கூரக் கயிறு அறுந்துவிட்டதாம். வல்லம் ஆள் இல்லாமல் நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, போய்ப் பக்கத்து ஊர்க் கரையில் ஒதுங்கியதாம். காலையில் மாமா தேடிக்கொண்டு போனால், யாரோ ஒருவர் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தாராம். மாமாவைப் பார்த்து, 'ஏறுங்க, போவோமா?' என்று கேட்டாராம். பையன் பீடி பிடிப்பதை நடித்தான், மாமாவின் முகத்தை நடித்தான், கயிறு அறுந்த சத்தத்தை வாயால் போட்டான். முழுசாகப் பத்து நிமிஷம். எழுத ஒண்ணுமே இல்லாதவன்.

இது நடந்தது 2022 தொடக்கத்தில். கொரோனாவில் பூட்டிய பள்ளிக்கூடங்கள் எட்டாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் மறுபடி திறந்தன. அதற்குச் சில நாள் முன்னால் அரசு தொடங்கியிருந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நான் தன்னார்வலராகச் சேர்ந்திருந்தேன். மாதம் 1,000 ரூபாய். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். இடம், மீன் ஏலம் போடும் கொட்டகை. காலையில் ஏலம், மத்தியானம் நாய்கள், சாயங்காலம் நாங்கள். எவ்வளவு கழுவினாலும் காரல் மீன் வாசம் போகாது. இரண்டு வாரத்தில் அதை நான் கவனிப்பதை நிறுத்திவிட்டேன்.

எனக்குப் பிறந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். முண்டு மிளகாயும் சீமைக் கருவேலமும் பார்த்து வளர்ந்தவள். கடல் எனக்குக் கல்யாணத்தோடு வந்த உறவு. தமிழில் எம்.ஏ. முடித்திருந்தேன், விளைமீனுக்கும் பாரை மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தக் குறைதான் பின்னால் கைகொடுத்தது.

சுற்றுலா விஷயத்துக்குப் பிறகு நான் கொஞ்சம் யோசித்து, அவர்களுக்குத் தெரிந்ததையே தலைப்பாகக் கொடுப்போம் என்று 'கடல்' என்று கொடுத்தேன். பதினெட்டு நோட்டுகள் வந்தன. பதினெட்டிலும் ஒரே கட்டுரை. கடல் மிகவும் பெரியது. கடலில் மீன்கள் வாழ்கின்றன. கடல் நமக்கு உப்பைத் தருகிறது. எனவே கடலைக் காப்போம். இதை எழுதியவர்களில் ஒருவன் முந்தின வாரம் சொறி என்னும் ஜெல்லி மீன் பட்டுத் தொடை முழுக்கத் தடித்து, இரண்டு நாள் வகுப்புக்கே வரவில்லை. அவனுக்கும் கடல் உப்பைத்தான் தந்திருந்தது.

கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. சோம்பேறிப் பிள்ளைகள் இப்படி ஒரே மாதிரி எழுத முடியாது. இதற்கு நல்ல பயிற்சி வேண்டும். கட்டுரை என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரோ ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவது போல, கட்டுரைக்குள் நுழையும்போது தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஒரு பெண்ணின் நோட்டில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 'என் தாய் அன்பானவர்' என்று எழுதியிருந்தாள். வீட்டில் அவள் கூப்பிடுவது உம்மா. "உம்மான்னு எழுதேன்" என்றேன். அசிங்கமான ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். "அது எழுத்துத் தமிழ் இல்லையே மிஸ்." தாய் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவளால் அன்பானவர் என்பதற்கு மேல் நகர முடியவில்லை. எப்படி முடியும்? அவள் வீட்டில் தாய் என்று யாரும் இல்லை.

மற்ற மொழிப் பிள்ளைகளுக்கு எப்படியோ, நம் பிள்ளைகளுக்கு எழுதுவது என்பது இரண்டு வேலை. முதலில் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். அப்புறம் 'வந்துச்சு' என்பதை 'வந்தது' ஆக்க வேண்டும். 'அங்கிட்டு' என்பதை என்னவாக ஆக்குவது என்று குழம்ப வேண்டும். ர வா ற வா என்று ஒரு பயம், ந வா ன வா ண வா என்று இன்னொன்று. இந்தச் சுமையோடு கருத்தையும் பிடித்து வைத்திருக்கச் சொன்னால், பிள்ளை கருத்தைத்தான் கீழே போடும்.

கரையிலிருந்து தொடங்கியது தற்செயல். ஒருநாள் காலையில் கடற்கரையில் கும்பலாக நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டேன்: "இன்னைக்குக் காலையில கரையில என்ன கிடந்துச்சு?"

ஆளாளுக்குக் கத்தினார்கள். ஏலக் கணக்கு எழுதும் கரும்பலகையில் நான் எழுதிக்கொண்டே போனேன். உப்பிச் செத்த பேத்தை மீன். ஒத்தச் செருப்பு. அறுந்த வலை. பாசி வளர்க்கும் மிதவையிலிருந்து கழன்று வந்த மூங்கில். மருந்து பாட்டில். பொம்மைக் கார் சக்கரம். சிங்கள எழுத்துப் போட்ட பிஸ்கட் கவர். பத்து நிமிஷத்தில் 31 சாமான்கள் ஆகிவிட்டன. பலகையில் இடம் இல்லை.

"ஒண்ணை மட்டும் எடுங்க. மத்ததை விட்டுருங்க. அது கரைக்கு எப்படி வந்துச்சுன்னு எழுதுங்க."

உம்மாவை எழுத மறுத்த பெண் பிஸ்கட் கவரை எடுத்தாள். இலங்கையில் ஒரு பையன் அதைத் தின்றுவிட்டுப் போட்டது என்று ஆரம்பித்தாள். அவள் வாசித்துக் காட்டியபோது பின்னாலிருந்து ஒருவன், "கச்சான் காத்துல அடிச்சு வந்துச்சுன்னு எழுதியிருக்கா, தப்பு மிஸ்" என்றான். கச்சான் அடித்தால் தென்கடல்தான் பொங்கும், நம்ம வடகடல் ஏரி மாதிரிக் கிடக்கும், வாடைக் காற்றில்தான் இங்கிட்டுக் குப்பை ஒதுங்கும் என்று விளக்கினான். அவள் விடவில்லை. அப்படியானால் போன ஆடியில் எங்கள் வீட்டுப் பின்னால் ஒதுங்கிய டின் எப்படி வந்தது என்றாள். அரைமணி நேரம் சண்டை. எனக்கு வாடையும் தெரியாது, கச்சானும் தெரியாது. "கச்சான்னா எந்தத் திசை?" என்று நடுவில் கேட்டேன். இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு, சேர்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்கள். மேற்கும் தென்மேற்கும் கச்சான். வடக்கும் வடகிழக்கும் வாடை. கிழக்கு கொண்டல். சோழகம் தெற்கு.

"இதை எனக்கு எழுதிக் கொடுங்க. நான் மறந்துருவேன்" என்றேன். எழுதிக் கொடுத்தார்கள். அவன் ஒன்றரைப் பக்கம், அவள் இரண்டு. அவள் அவனை விட அரைப் பக்கம் கூட எழுதியது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு விஷயத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். விடை தெரிந்துகொண்டு கேட்கும் கேள்வியைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். 'கடலின் பயன்கள் யாவை?' என்று கேட்டால், மிஸ்ஸுக்குப் பதில் தெரியும், நமக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறார் என்பது அவர்களுக்குப் புரிகிறது. உடனே அந்தப் பதிலைத் தேடுகிறார்கள். 'ஓலைவலையில ஓலை எதுக்கு?' என்று நான் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே தெரியாது. கயிற்றில் கட்டிய பனை ஓலையைக் கண்டு மிரண்டு மீன் நடுவில் கூடும் என்று சொன்ன ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. கடற்கரையில் பிறந்த ஒரு டீச்சருக்கு இந்த வசதி கிடையாது. அவர் தெரியாத மாதிரி நடிக்க வேண்டியிருக்கும். அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எழுதவே வராத ஒருவன் இருந்தான். ஆறாம் வகுப்பு. இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் இல்லாததில் கை எழுத்தை மறந்திருந்தது. வாய் மறக்கவில்லை. அவன் அம்மாவின் போனில் பேசச் சொல்லிப் பதிவு செய்தோம். அப்புறம் இன்னொரு நாள், பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறதே என்று அதைப் போட்டுவிட்டேன். 'நீவாடு இழுத்துச்சு' என்று அவன் சொன்னான். போன், 'நீ வாடு இழுத்துச்சு' என்று எழுதியது. கொட்டகையே சிரித்தது. அதன் பிறகு ஒரு மாதத்துக்கு யாரைப் பார்த்தாலும் 'நீ வாடு' என்பதுதான் வசவு. போனை ஓரம் கட்டிவிட்டு நானே அவன் சொல்லச் சொல்லப் பலகையில் எழுதினேன். பலகை நிறைந்தது. "இவ்வளவும் நானா சொன்னேன்?" என்று கேட்டான். அதைப் பார்த்துத் தன் கையால் நோட்டில் எழுதிக்கொண்டான். தான் சொன்னதைத் தானே காப்பி அடிப்பது.

கார்ல் பெரைட்டர், மார்லீன் ஸ்கார்டமாலியா என்று கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள், பிள்ளைகள் எழுதும் விதத்தைப் பல வருஷம் பார்த்திருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் எழுதும்போது திட்டம் எதுவும் போடுவதில்லை. தலைப்பைப் பார்த்ததும் மனதில் முதலில் வருவதை எழுதுகிறார்கள், அடுத்து வருவதை எழுதுகிறார்கள், வருவது நின்றால் கட்டுரையும் நின்றுவிடுகிறது. பேச்சில் இப்படி ஆவதில்லை. எதிரில் ஒருத்தர் இருப்பார், 'அப்புறம்?' என்பார், பேச்சு நகரும். தாளுக்கு 'அப்புறம்?' என்று கேட்கத் தெரியாது. பிள்ளை நிறுத்திய இடத்தில் ஒருவர் இன்னும் எழுது என்று சொன்னாலே கூடுதலாக எழுதுகிறது என்பதை அவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இதை நான் படித்தது ரொம்பப் பின்னால். படித்தபோது ஸ்கேலைத் தூக்கிய அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான். அவன் நோட்டுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு 'அப்புறம்'. நான் கொடுத்தது ஊட்டி.

ஆகவே எங்கள் கொட்டகையில் ஒரு பழக்கம் வந்தது. யார் எதை எழுதினாலும் வாசித்துக் காட்ட வேண்டும். கேட்பவர்கள் மூன்று கேள்வி கேட்கலாம். எழுதியவர் வாயால் பதில் சொல்லக் கூடாது, எழுத்தில்தான் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதி இல்லாமல் ஒரு வாரம் நடத்திப் பார்த்தேன். பதிலை வாயாலேயே சொல்லித் தீர்த்துவிட்டு நோட்டை மூடினார்கள்.

ஒரு பையன் எழுதியது இவ்வளவுதான்: 'அப்பாவுடன் வல்லத்தில் சென்றேன். ஆவுளியா பார்த்தேன். திரும்பி வந்தோம்.' ஆவுளியா என்பது கடல் பசு. நாங்கள் ஆயுசில் பார்க்காத ஒன்றை நடு வரியில் போட்டு நகர்ந்துவிட்டான். கேள்விகள் மூன்றோடு நிற்கவில்லை. எந்தப் பக்கம் வந்துச்சு? மூஞ்சி தெரிஞ்சுச்சா? உங்கப்பா என்ன சொன்னாரு? சத்தம் போட்டுச்சா? அவன் உட்கார்ந்து எழுதினான். மேலே வந்தபோது பெரிய மாடு மூச்சு விடுவது போல 'புஸ்' என்று சத்தம் வந்தது, அப்பா பேசாதே என்று தன் வாயைப் பொத்தினார், அப்பா கை டீசல் வாசம் அடித்தது, கையை எடுப்பதற்குள் அது கடல்புல்லை மேயக் கீழே போய்விட்டது. டீசல் வாசத்தை யாரும் கேட்கவில்லை. அது தானாக வந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. செய்தித்தாளைக் கொண்டுபோய் அவனிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "நான் பார்த்தது அங்க இல்லையே. நம்ம பக்கம் வந்தா அதுக்கு யாரு பாதுகாப்பு?" என்றான். அது அவன் கட்டுரைக்கு இரண்டாவது பக்கம் ஆயிற்று. வேட்டையாடக் கூடாது என்ற சட்டம் எல்லாக் கடலுக்கும் பொதுதான் என்று தேடிக் கண்டுபிடித்து அவனே எழுதினான். பொது அறிவுத் தகவலைக் கட்டுரையில் சேர் என்று முன்பெல்லாம் தலையால் தண்ணீர் குடித்திருக்கிறேன். அவர்களுக்கே ஒரு கேள்வி வந்த பிறகு தகவல் தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எம்.ஏ. படித்தது வீண் போகவில்லை என்று தோன்றிய நாளும் உண்டு. முதல், கரு, உரி என்று திணைக்கு மூன்று சொல்வார்கள். இடமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கும் மரம், பறவை, உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். மனசுக்கு நேர்வது உரிப்பொருள். நெய்தலுக்கு இரங்கல் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு நான் இதை மறந்திருந்தேன். பிள்ளைகளின் கட்டுரைகளைப் பார்க்கும்போது, எல்லாம் உரியிலேயே ஆரம்பித்து உரியிலேயே முடிவது தெரிந்தது. அன்பானவர், மகிழ்ச்சியாகச் சென்றோம், காப்போம். இடமும் இல்லை, பொழுதும் இல்லை, ஒரு மரம் கிடையாது. பலகையில் மூன்று கட்டம் போட்டேன். எங்கே, எப்போது என்பது முதல் கட்டம். அங்கே என்னென்ன இருந்தது என்பது இரண்டாவது. மூன்றாவதைக் காலியாக விடச் சொன்னேன். மனசுக்கு என்ன ஆனது என்று கடைசியில் தோன்றினால் எழுது, தோன்றாவிட்டால் விடு. பாதிப் பேர் மூன்றாவது கட்டத்தை நிரப்பவே இல்லை. நிரப்பாதவர்களின் கட்டுரைகளில்தான் அது அதிகமாக இருந்தது.

பாசி எடுக்கப் போகும் ஓர் அம்மாவின் மகள் இப்படித்தான் பிடிபட்டாள். அதுவரை 'எனக்குப் பிடித்த தொழில்' என்ற தலைப்பில் அவள் எழுதியிருந்தது உழவு. 'உழவரே நாட்டின் முதுகெலும்பு.' அவள் ஏரைப் பார்த்தது படத்தில். கட்டம் போட்ட அன்று முதல் கட்டத்தில் 'தீவுப் பக்கம், வத்தக் கடல், காலை' என்று எழுதினாள். இரண்டாவதில் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, விரலில் சுற்றும் துணி, கண்ணாடி, இடுப்பில் கட்டும் பை, மரிக்கொழுந்து, கட்டக்கோரை. இவை பாசிகளின் பெயர்கள். மரிக்கொழுந்து என்றதும் நான் பூ என்று நினைத்து அசடு வழிந்தேன். 'விரலில் சுற்றிய துணியைச் சாயங்காலம் நான் அவிழ்ப்பேன். உள்ளே விரல் வெள்ளையாகச் சுருங்கியிருக்கும். பாறை கிழித்த இடத்தில் தண்ணீர் பட்டால் அம்மா ஸ் என்பார்.' மூன்றாவது கட்டம் காலி.

அவள் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "இதையெல்லாமா எழுதச் சொல்லிக் குடுக்கிறீக?" என்று கேட்டார். கொஞ்சம் கோபம், கொஞ்சம் என்னவோ. அப்புறம் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்டக்கோரைக்கு இப்ப விலை கம்மி. அதையும் எழுதச் சொல்லுங்க" என்றார்.

எல்லாப் பெற்றோரும் இப்படி இல்லை. 'மிஸ் தப்பைத் திருத்தவே மாட்டேங்கிறாக' என்று ஒரு புகார் ஊர் முழுக்கச் சுற்றியது. உண்மைதான். முதல் நாள் எழுதியதில் நான் சிவப்பு மை வைப்பதில்லை. பேச்சுத் தமிழில் எழுதினாலும் விட்டுவிடுவேன். ஒரு வாரம் கழித்து நல்ல தாளில் எழுதிக் கொட்டகைத் தூணில் ஒட்டுவதற்கு முன்னால்தான் ரகரம் றகரம் எல்லாம். தூணில் ஒட்டிய பிறகு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. காலையில் ஏலத்துக்கு வரும் ஆட்கள் அவற்றை வாசித்தார்கள். அறுந்துபோன வல்லத்தைப் பற்றி நம் பையன் கடைசியில் எழுதியிருந்தான். ஐஸ் வண்டிக்காரர் அதைப் படித்துவிட்டு, "அன்னைக்கு நீவாடு அப்படி இழுக்கலடா, உங்க மாமா சொன்ன பொய்" என்றாராம். பையன் மாமாவிடம் போய்ச் சண்டை போட்டு, விசாரித்து, திரும்ப எழுதினான். நான் நாலு தடவை சொன்னாலும் ஒரு வரியைத் திருத்தாதவன்.

எதுவும் வராத நாள்களும் இருந்தன. பட்டியல் போட்டும், கட்டம் போட்டும், கொட்டாவிதான் வரும். அப்போது கரைக்குக் கூட்டிப்போய்விடுவேன். மூன்றாம் நாலாம் வகுப்புப் பொடிசுகளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், தினமும் ஒவ்வொரு குழந்தையிடமும் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு அதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் அந்தச் சொல்லைக் குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை என்றால் அட்டையை எடுத்துவிடுவார். நானும் செய்து பார்த்தேன். பேய், பரோட்டா, கரண்ட், நண்டு. ஆப்பிள் என்று கேட்டவன் மறுநாள் அதை மறந்திருந்தான். பேயை யாரும் மறக்கவில்லை.

எழுத்துக்கு நல்ல காலம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்பாக்கள் எல்லாம் வீட்டில். படகு கரையில் ஏறிப் பெயின்ட் அடிபடும். 'தடைக்காலத்தில் எங்கள் அப்பா' என்ற தலைப்பை அவர்களே கண்டுபிடித்தார்கள். சமையலில் குறை சொல்கிறார், டிவி ரிமோட்டைக் கொடுப்பதில்லை, பத்தாவது நாள் அம்மா, 'எப்பத்தான் கடலுக்குப் போவீக?' என்று கேட்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு என்று கட்டாயக் கட்டுரை ஒன்று உண்டு: அப்துல் கலாம். 15.10.1931இல் ராமேசுவரத்தில் பிறந்தார், ஏவுகணை நாயகன், கனவு காணுங்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதுவார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்பது நின்றுபோய், ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசுவார்கள். பத்திரிகை ஏஜென்டாக இருந்த உறவினருக்கு உதவியாக அந்தக் கட்டுகளைப் பிடித்த சிறுவன் அவர். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒருவன் கேட்டான்: "ஓடுற ரயில்லருந்து போட்டா கட்டுப் பிரிஞ்சு பேப்பர் பறக்காதா மிஸ்? அங்கிட்டுக் காத்து சாஸ்தி." அந்த வருஷம் கலாம் கட்டுரைகளில் முதல் முறையாகக் காற்று அடித்தது.

தனுஷ்கோடிக்கும் இதே கதைதான். 1964 டிசம்பர் புயலை, 'பெரும் அழிவை ஏற்படுத்தியது' என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அடித்துச் செல்லப்பட்டதையும் எழுதுவார்கள். ஒரு பிள்ளையின் அம்மாச்சி அப்போது தனுஷ்கோடியில் சின்னப் பெண். புயலைப் பற்றிக் கேட்டால், 'அதை எதுக்கு இப்ப' என்று சொல்லிவிடுவாராம். "என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் கேளு" என்று அனுப்பினேன். அம்மாச்சி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். எங்கோ கொடுத்த ரொட்டியைப் பற்றி, அது பிடிக்காமல் கோழிக்குப் போடப் போனதைப் பற்றி, கோழி இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததைப் பற்றி.

இதையெல்லாம் சொல்லும்போது, நான் தப்பு செய்த இடத்தையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டால் எழுத்து வருகிறது என்று கண்டுகொண்ட மிதப்பில் நான் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பையனின் அப்பா எல்லை தாண்டியதாக இலங்கையில் பிடிபட்டுச் சிறையில் இருந்தார். அவன் 'அப்பா' என்று ஒரு வரி எழுதியிருந்தான். நான், "அப்புறம்?" என்றேன். பேசவில்லை. "கடைசியா எப்பப் பார்த்த?" என்றேன். நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான். ஒன்பது நாள் வரவில்லை. வீட்டுக்குப் போனபோது அவன் பாட்டி எனக்குத் தண்ணீர் கொடுத்தார், அவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். எழுத விஷயம் இருக்கிறது என்பதற்காக அதை எழுதியே ஆக வேண்டுமா? எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

திரும்பி வந்தவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. நண்டு வலை கழிக்க, அதாவது வலையில் சிக்கிய நண்டை எடுக்க, எனக்குத் தெரியாது, எப்படி என்று எழுதிக் கொடுப்பாயா என்றேன். எழுதினான். 'நண்டைப் பின்காலில் பிடிக்க வேண்டும். கொடுக்கு எட்டாத இடம் அதுதான். வலையை இழுக்கக் கூடாது, நண்டைத்தான் திருப்ப வேண்டும். கால் ஒடிந்தால் விலை போகாது. இடது கையால் எடுக்காதே என்று அப்பா சொல்வார். எனக்கு இடது கைதான் வரும்.'

யாரும் கேள்வி கேட்கவில்லை. அவன் அப்பா சித்திரையில் திரும்பி வந்தார். அதை அவன் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷமும் 'நான் சென்ற சுற்றுலா' வந்தது. அது வராமல் இருக்காது. ஸ்கேல் பையன் இப்போது எட்டாம் வகுப்பு, இன்னமும் தொண்டியைத் தாண்டவில்லை. ஆனால் மூன்று பக்கம் எழுதி, பள்ளியில் கொடுத்து, மார்க் வாங்கி, அதன் பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தான். 'நான் சுற்றுலா செல்லவில்லை. சுற்றுலா எங்கள் ஊருக்கு வந்தது' என்று தொடங்கியிருந்தது. ராமேசுவரம் போகும் பஸ் ஒன்று ஊர் முனையில் டயர் வெடித்து நிற்கிறது. ஆட்கள் இறங்கிக் கரைக்கு வருகிறார்கள். ஒருவர் கடல் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுத் துப்புகிறார். 'கடல் உப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.' மாமாவின் வல்லத்தைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். மாமா ஓடிப்போய்த் தலை சீவிக்கொண்டு வருகிறார். அவர்கள் மாமாவை நகரச் சொல்லிவிட்டு வல்லத்தை மட்டும் எடுக்கிறார்கள். 'அவர்கள் போன பிறகு மாமா ரொம்ப நேரம் சீப்பைக் கையில் வைத்திருந்தார்.'

ஐந்துக்கு இரண்டு மார்க். கீழே சிவப்பு மையில், 'முன்னுரை இல்லை'.

"முன்னுரைன்னா பஸ் வர்றதுக்கு முன்னாடி நடந்ததா மிஸ்?"

யோசித்தேன். "ஆமா, அப்படித்தான் வச்சுக்கோயேன்."

"அப்ப டயர் வெடிச்ச சத்தத்தை அதுல போட்டுரலாம். நாங்க முதல்ல வேட்டுன்னு நினைச்சோம்" என்று சொல்லிவிட்டு, பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.